ஸ்டாப் என்னும் அடைப்பு

அலுவலகத்தில் ஒருமுறை மேலிடத்திலிருந்து ஒரு மின்னஞ்சல் வந்தது. மாதக் கடைசிக்குள் வேலை முடிந்தாக வேண்டும், "புல் அவுட் ஆல் த ஸ்டாப்ஸ்" என்று அதில் ஒரு வரி. பக்கத்து இருக்கைக்காரர் படித்துவிட்டு, "என்ன சார், எல்லாத்தையும் நிறுத்தச் சொல்றாங்களா?" என்று கேட்டார். நியாயமான சந்தேகம்தான். ஸ்டாப் என்றால் நிறுத்து என்று ஒன்றாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு அந்த வரி அப்படித்தான் தோன்றும். பொருளோ நேர் எதிர்: ஒன்றையும் மிச்சம் வைக்காமல் முழு மூச்சாக இறங்கு.

அந்த வரியில் இருக்கும் ஸ்டாப், தேவாலயங்களில் இருக்கும் பெரிய குழாய் ஆர்கனின் ஓர் உறுப்பு. ஆர்கனில் காற்றுப்பெட்டியின் மேல் குழாய்கள் வரிசை வரிசையாக நிற்கும். ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு குரல், ஒரு நிறம். ஒவ்வொரு வரிசையின் அடியிலும் துளையிட்ட நீளமான சட்டம் ஒன்று உண்டு. வாசிப்பவர் பக்கத்தில் இருக்கும் குமிழை உள்ளே தள்ளி வைத்தால் சட்டம் நகர்ந்து துளைகளை மறைத்துக்கொள்ளும். அந்த வரிசைக்குக் காற்று போகாது. குமிழை வெளியே இழுத்தால் துளைகள் நேர்ப்படும். அந்த வரிசைக்குக் குரல் வரும். இந்தக் குமிழுக்குத்தான் ஸ்டாப் என்று பெயர். எல்லாவற்றையும் இழுத்துவிட்டு வாசித்தால் கட்டடமே அதிரும். நம் ஊர் ஆர்மோனியத்தின் முகப்பில் இருக்கும் இழுப்புக் குமிழ்களும் இதே வம்சம்.

இதை உவமையாக எடுத்து எழுத்தில் பயன்படுத்தியவர்களில் முதலாவதாகச் சொல்லப்படுபவர் மேத்யூ ஆர்னால்ட். விக்டோரியா காலத்து விமர்சகர். 1865இல் வந்த கட்டுரைத் தொகுப்பில், தன் காலத்து ஆங்கிலேயனை 'வலிமையான, ஆனால் குரல்வளம் குறுகிப்போன ஆர்கன்' என்று சொல்லிவிட்டு, அதில் இன்னும் சில ஸ்டாப்புகளை இழுக்கப் பார்ப்பவனுக்கு நல்ல பெயர் கிடைக்காது என்று அலுத்துக்கொள்கிறார். அவர் இழுக்க நினைத்தது சிலவற்றை மட்டும். 'எல்லாவற்றையும்' என்று ஆக்கியது பின்னால் வந்தவர்களின் உற்சாகம்.

சரி, காற்றைத் திறந்துவிடும் குமிழுக்கு ஏன் ஸ்டாப் என்று பெயர்? அந்தச் சொல்லின் முதல் பொருள் நிற்பதோ நிறுத்துவதோ இல்லை. அடைப்பது. ஓட்டையை அடைப்பது.

பெரும்பாலான சொல்லாய்வாளர்கள் இதை லத்தீன் மொழியின் 'ஸ்டுப்பா' என்ற சொல்லோடு இணைக்கிறார்கள். ஆளி, சணல் போன்ற செடிகளின் நாரைச் சீவும்போது ஒதுங்கும் மட்டமான சிக்கு நார்தான் ஸ்டுப்பா. லத்தீனுக்கு அது கிரேக்கத்திலிருந்து வந்தது. நூலாகத் திரிக்க லாயக்கில்லாத அந்த நாருக்கு ஒரு வேலை மட்டும் எப்போதும் இருந்தது: மரக்கப்பலின் பலகை இடுக்குகளிலும் பீப்பாய்களின் விரிசல்களிலும் திணித்து அடைப்பது. அதிலிருந்து பிற்கால லத்தீனில் 'ஸ்டுப்பாரே', அதாவது சிக்கு நாரால் அடை, என்று ஒரு வினை. அது ஜெர்மானிய மொழிகளுக்குப் போனது. நம் பிளம்பர்கள் டெஃப்ளான் டேப் வருவதற்கு முன்பு ஜி.ஐ. பைப்பின் மரையில் சணல் நூலைச் சுற்றி முடுக்குவார்களே, அந்த வேலைதான் இந்தச் சொல்லின் பிறப்பிடம். 'ஸ்டாப் காக்' என்று அவர்கள் கடையில் கேட்டு வாங்கும் சாமானில் மூலப்பொருள் இன்றும் அப்படியே இருக்கிறது.

பழைய ஆங்கிலத்தில் இந்த வினை தனியாகக் கிடைக்கவில்லை. 'ஃபோர்ஸ்டாப்பியன்' என்ற கூட்டுச்சொல்லாக, காதை அடைக்கச் சொல்லும் ஒரு மருத்துவக் குறிப்பில் தலைகாட்டுகிறது. ஆக, ஆங்கிலத்தில் நம் கண்ணுக்குத் தெரியும் முதல் ஸ்டாப் ஒரு காதடைப்பு.

ஜெர்மன் மொழியில் 'ஸ்டோப்ஃபன்' என்றால் இன்றும் திணிப்பது, அடைப்பது, காலுறையின் ஓட்டையை நூலால் தைத்து மூடுவது. 'நில்' என்ற பொருளுக்கு அதன் உடன்பிறப்பான 'ஸ்டோப்பன்' தனியாக இருக்கிறது. பிரெஞ்சில் இன்னும் வேடிக்கை. 'ஸ்டொப்பே' என்று ஒலிக்கும் வினைக்குக் கிழிந்த துணியை இழை தெரியாமல் தைப்பது என்றும் பொருள், வண்டியை நிறுத்துவது என்றும் பொருள். முதலாவது டச்சுக்காரர்கள் கொடுத்தது, இரண்டாவது ஆங்கிலத்தின் கொடை.

அடைப்பது எப்படி நிறுத்துவதாயிற்று? இதற்கு 1611இல் வெளியான ஆங்கில பைபிளைப் புரட்டிப் பார்ப்பது நல்லது. அதில் ஸ்டாப் வரும் இடங்களில் பெரும்பாலும் ஏதோ ஒன்று அடைபடுகிறது. ஆபிரகாமின் ஆட்கள் வெட்டிய கிணறுகளைப் பெலிஸ்தர் 'ஸ்டாப்' செய்கிறார்கள். ஸ்தேவானின் பேச்சைக் கேட்கச் சகிக்காத கூட்டம் தன் காதுகளை 'ஸ்டாப்' செய்துகொள்கிறது. விசுவாசிகள் சிங்கங்களின் வாயை 'ஸ்டாப்' செய்கிறார்கள். தமிழ் பைபிளில் அதே வசனங்களைப் பாருங்கள்: துரவுகளைத் தூர்த்தார்கள், காதுகளை அடைத்துக்கொண்டார்கள், சிங்கங்களின் வாய்களை அடைத்தார்கள். மொழிபெயர்த்தவர்கள் எபிரேயத்தையும் கிரேக்கத்தையும் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்கள். ஆனாலும் ஸ்டாப்பின் ஆதிப்பொருளுக்குத் தமிழில் அகராதி எழுதிக் கொடுத்ததுபோல் அமைந்துவிட்டது.

யோசுவா சூரியனை நிற்கச் சொல்லும் இடத்தில் அந்த ஆங்கில பைபிள் ஸ்டாப்பைத் தொடவே இல்லை. சூரியன் 'ஸ்டுட் ஸ்டில்', சந்திரன் 'ஸ்டேய்டு'. அசையாமல் நிற்பதற்கு அன்றைய நடையில் ஸ்டாண்ட், ஸ்டே, சீஸ் என்று வேறு சொற்கள் இருந்தன. நடுவில் ஒரே ஒரு சுவாரசியமான இடம்: மழை உன்னைத் தடுக்காதபடி கிளம்பு என்று எலியா ஆகாப் ராஜாவுக்குச் சொல்லி அனுப்பும்போது அந்தத் 'தடுக்க' என்பதற்கு ஸ்டாப் வருகிறது. அங்கே அடைபடுவது துளையல்ல, வழி. கிணற்றின் வாயை அடைப்பதிலிருந்து தெருவின் வாயை அடைப்பதற்கு அதிக தூரமில்லை. வழியை அடைத்தால் அதில் வருகிறவன் நிற்பான். அடைபட்டது வழி, நின்றது ஆள். கொஞ்ச காலத்தில் வினை வழியை விட்டு ஆளைப் பிடித்துக்கொண்டது. தடுத்து நிறுத்துவது என்ற பொருள் பதினைந்தாம் நூற்றாண்டிலேயே வந்துவிட்டது. யாரும் தடுக்காமல் தானே நிற்பது என்பது அதற்கும் அப்புறம். இன்று முதன்மைப் பொருளாக நாம் படிப்பது வரிசையில் கடைசியாக வந்து சேர்ந்தது.

புதியது வந்ததும் பழையது போய்விடவும் இல்லை. 1600ஐ ஒட்டி எழுதப்பட்ட ஷேக்ஸ்பியரின் ஹாம்லெட்டில் இது நன்றாகத் தெரியும். தன்னை வேவு பார்க்க வந்த பழைய சிநேகிதன் கில்டன்ஸ்டெர்னிடம் ஹாம்லெட் ஒரு குழலை நீட்டி வாசிக்கச் சொல்கிறான். அவன் தெரியாது என்கிறான். இதோ பார், இவைதான் ஸ்டாப்புகள் என்று ஹாம்லெட் விரல் வைக்கும் துளைகளைக் காட்டுகிறான். இந்தக் குழலையே வாசிக்கத் தெரியாத நீ என்னை வாசிக்கப் பார்க்கிறாயே, என் ஸ்டாப்புகள் உனக்குத் தெரியும் என்ற நினைப்பா என்று குத்துகிறான். அந்த நாடகத்தில் எனக்கு மிகவும் பிடித்த இடங்களில் ஒன்று இது. அங்கே ஸ்டாப் என்பதை 'நிறுத்தம்' என்று எடுத்துக்கொண்டால் அந்தக் குத்தலே போய்விடும். விரலால் அடைத்தும் திறந்தும் ஒருவனிடமிருந்து வேண்டிய சுரத்தை வரவழைப்பது பற்றிய பேச்சு அது.

அதே நாடகத்தின் இடுகாட்டுக் காட்சியில் மண்டையோட்டைப் பார்த்தபடி ஹாம்லெட் யோசித்துக்கொண்டே போகிறான். அலெக்சாண்டர் செத்தான், மண்ணானான், அந்த மண்ணைக் குழைத்துப் பீர் பீப்பாயின் ஓட்டையை ஏன் ஸ்டாப் செய்யக் கூடாது? சீசர் களிமண்ணாகிக் காற்று வராமல் ஒரு பொந்தை ஸ்டாப் செய்திருக்கலாம். உலகத்தையே அடக்கியவர்கள் கடைசியில் ஓட்டை அடைக்கும் மண்ணாகிறார்கள். சிக்கு நாரின் வேலை சீசருக்கு.

துளை என்றதும் நம் நாகஸ்வரமும் நினைவுக்கு வருகிறது. விரல் வைக்கும் ஏழு துளைகளுக்குக் கீழே அதில் இன்னும் சில துளைகள் உண்டு. அவற்றில் வேண்டியதை மெழுகால் அடைத்துச் சுருதியைச் சரிசெய்வார்கள். ஆங்கிலத்தில் அதைச் சொல்வதற்கு ஸ்டாப்தான் சரியான வினை. ஆர்கன் குழாயிலும் 'ஸ்டாப்டு பைப்' என்று ஒரு வகை இருக்கிறது. குழாயின் மேல்வாயை அடைத்துவிட்டால் அதே நீளத்துக்கு ஒரு ஸ்தாயி கீழே ஒலிக்கும். இடநெருக்கடி உள்ள சிறிய தேவாலயங்களுக்கு இது வரப்பிரசாதம். பாதி உயரக் குழாயிலேயே அடிக்குரல் கிடைத்துவிடும்.

சட்டம் படித்தவர்களுக்கு 'எஸ்டாப்பெல்' தெரிந்திருக்கும். 1872ஆம் ஆண்டு இந்திய சாட்சியச் சட்டத்தில் 115ஆவது பிரிவு. 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சாட்சியச் சட்டத்திலும் அது தொடர்கிறது. ஒருவர் தன் சொல்லாலோ செயலாலோ இன்னொருவரை ஒன்றை நம்பவைத்து, அதை நம்பி அவரும் காரியம் செய்துவிட்ட பிறகு, 'அது உண்மையில்லை' என்று பிந்தி வந்து மறுக்க முடியாது. இது ஏதோ வேறு சொல் என்றுதான் நெடுநாள் நினைத்திருந்தேன், அந்த 'எஸ்' வந்து ஒட்டியிருப்பதால். பழைய பிரெஞ்சில் ஸ்டுப்பாவின் பிள்ளைகள் முன்னால் ஓர் எகரத்தைச் சேர்த்துக்கொண்டார்கள், அவ்வளவுதான். எஸ்டாப்பெல் என்றால் அடைப்பான், தக்கை. எட்வர்ட் கோக் என்ற புகழ்பெற்ற ஆங்கில நீதிபதி 1628இல் இதற்கு விளக்கம் எழுதும்போது, ஒருவன் செய்த காரியமே அவன் வாயை 'ஸ்டாப்' செய்துவிடுவதால் இந்தப் பெயர் என்கிறார். 'வாயை அடைச்சுட்டான்' என்று நாம் சொல்வதேதான். இங்கே அடைத்துக்கொண்டவனும் அவனே.

இப்படி அடைப்பை மனதில் வைத்துக்கொண்டால், தனித்தனியாக மனப்பாடம் செய்த பல பிரயோகங்கள் ஒரே குடும்பமாகிவிடும். பிரிட்டனில் சொத்தைப் பல்லின் குழியை அடைப்பதற்கு முன்பு 'ஸ்டாப்' என்றே சொன்னார்கள். சம்பளத்தில் பிடித்தம் செய்வது அங்கே 'ஸ்டாப்பேஜ்'. பணம் வரும் வாய்க்காலில் ஒரு பகுதியை அடைத்துக்கொள்கிறார்கள். வங்கியில் காசோலைக்கு 'ஸ்டாப் பேமெண்ட்' எழுதிக் கொடுக்கிறோம். 'ஸ்டாப்கேப்' என்பது இடைவெளியில் வைக்கும் அடைப்பு. தற்காலிக ஏற்பாடு என்ற பொருள் அப்புறம் ஏறியது.

புகைப்படக்காரர்கள் 'ஒரு ஸ்டாப் குறைங்க' என்கிறார்களே, அதுவும் இங்கிருந்துதான். லென்ஸுக்குள் நுழையும் ஒளியை அடைக்க நடுவில் ஓட்டை போட்ட தகட்டை வைப்பார்கள். அந்தத் தகடு ஸ்டாப். 1858இல் இங்கிலாந்தின் ஹாலிஃபாக்ஸைச் சேர்ந்த ஜான் வாட்டர்ஹவுஸ், வெவ்வேறு அளவு துளையிட்ட பித்தளைத் தகடுகளை லென்ஸ் குழலில் ஒரு பிளவு வழியாக மாற்றி மாற்றிச் செருகும் முறையைக் கொண்டுவந்தார். பிறகு இதழ் இதழாகச் சுருங்கி விரியும் அமைப்பு வந்து தகடு போய்விட்டது. பெயர் மட்டும் அளவாக மாறி நிற்கிறது: ஒரு ஸ்டாப் குறைத்தால் ஒளி பாதி, கூட்டினால் இரு மடங்கு. லென்ஸின் எஃப் எண் 2.8லிருந்து 4 ஆனாலும், 4லிருந்து 5.6 ஆனாலும் ஒரு ஸ்டாப் குறைகிறது. இன்று தொலைபேசிக் கேமராவில் எதுவும் அடைபடாமல் மென்பொருளே வெளிச்சத்தைக் குறைக்கிறபோதும் அது ஸ்டாப்தான்.

தந்தியின் ஸ்டாப் எல்லாருக்கும் தெரிந்தது. 'அம்மா சீரியஸ் ஸ்டாப் உடனே கிளம்பு.' இது முற்றுப்புள்ளிக்கு ஆங்கிலத்தில் இருக்கும் 'ஃபுல் ஸ்டாப்' என்ற பெயரின் சுருக்கம். அந்தப் பெயர் பழையது. ஷேக்ஸ்பியரின் இன்னொரு நாடகத்தில், வளவளவென்று பேசுகிறவனிடம் அலுத்துப்போன நண்பன் 'சரி, ஃபுல் ஸ்டாப்புக்கு வா' என்கிறான். அமெரிக்காவில் அந்தப் புள்ளிக்குப் 'பீரியட்' என்று பெயர். ஆனால் தந்தியில் மட்டும் அமெரிக்கர்களும் ஸ்டாப்தான் எழுதினார்கள். முதல் உலகப் போரில் அரசாங்கத்தின் உத்தரவுகள் தவறாகப் படிக்கப்பட்டுவிடக் கூடாது என்று புள்ளியைச் சொல்லாகவே எழுதி அனுப்பியதால் இந்த வழக்கம் பரவியது என்று 1928இல் அங்கே வந்த ஒரு தந்திக் கையேடு சொல்கிறது. கம்பியில் ஒரு புள்ளி தவறிப்போனால் இரண்டு உத்தரவுகள் ஒன்றாகிவிடும். நான்கு எழுத்துச் சொல் அவ்வளவு சுலபமாகத் தவறாது. இந்தியாவில் தந்திச் சேவை 2013 ஜூலையோடு முடிந்தது.

ஸ்டாப்புக்கு ஒரு போட்டியாளர் உண்டு: ஹால்ட். இது ஜெர்மன் பட்டாளத்துக் கட்டளை; 'பிடி, நிறுத்து' என்ற பொருளுள்ள வினையிலிருந்து வந்து பதினாறாம் நூற்றாண்டின் கடைசியில் ஆங்கிலத்தில் சேர்ந்தது. அதில் அடைப்பு வாசனை கிடையாது, அணிவகுப்பு வாசனைதான். 1960களின் நடுப்பகுதி வரைக்கும் பிரிட்டனின் சாலைச் சந்திப்புகளில் 'ஹால்ட்' என்றே பலகை இருந்தது. அமெரிக்காவில் 1915இல் டெட்ராய்ட்டில் நட்ட பலகையிலிருந்தே ஸ்டாப். எண்கோண வடிவம் 1920களில் வந்தது. சிவப்பு நிறம் 1954இல். அதற்கு முன்பு மஞ்சள், ஏனென்றால் வெயிலுக்கும் மழைக்கும் வெளுக்காத சிவப்புப் பூச்சு கைக்கு எட்டவில்லை. பிரெஞ்சு மொழியைக் கண்போலக் காக்கும் பிரான்ஸ் தன் சாலைகளில் ஸ்டாப் என்றுதான் எழுதி வைத்திருக்கிறது. கனடாவின் கியூபெக் மாகாணத்தில் பெரும்பாலும் 'அரே' என்ற பிரெஞ்சுச் சொல். வீட்டை விட்டுத் தள்ளி வாழ்பவர்களுக்குத்தான் மொழிக் கவலை அதிகம் போலிருக்கிறது.

இந்த இரண்டு சொற்களும் தமிழர்களையும் பாகம் பிரித்துக்கொண்டன. தமிழ்நாட்டில் பஸ் நிற்குமிடம் 'ஸ்டாப்பிங்'. ஆங்கிலேயன் யாரும் அப்படிச் சொல்வதில்லை. அது நம் தயாரிப்பு. இலங்கையில் அதே இடம் 'ஹோல்ட்'. நம் பக்கம் ஹால்ட் என்றால் ஊழியர் இல்லாத குட்டி ரயில் நிலையம். இலங்கையில் எழுத்துத் தமிழில் 'தரிப்பிடம்' என்று அழகான சொல் புழங்குகிறது. யோசுவாவின் கதையில் தமிழ் பைபிள் 'சூரியன் தரித்தது' என்று எழுதும் அதே வினை. தரிப்பதற்குத் தங்குவது என்ற பொருளும் உண்டு. இது ஸ்டாப்புக்கும் உண்டு: பழைய ஆங்கில நாவல்களில் யாராவது அத்தை வீட்டில் இரண்டு வாரம் 'ஸ்டாப்' செய்வார்கள். எதையும் நிறுத்தவில்லை, விருந்தாளியாகத் தங்கியிருக்கிறார்கள். பிரிட்டனின் பேச்சில் இது இன்னும் முழுதாக ஓயவில்லை.

இலக்கண வகுப்பில் இந்த வினையை வைத்து எல்லாரையும் ஒரு கேள்வியில் மடக்குவார்கள். 'ஹீ ஸ்டாப்டு ஸ்மோக்கிங்' என்றால் புகைப்பதை விட்டுவிட்டான். 'ஹீ ஸ்டாப்டு டு ஸ்மோக்' என்றால் புகைப்பதற்காக நின்றான். ஒன்றில் சிகரெட் போகிறது, மற்றதில் வருகிறது. நமக்கு இது குழப்புவதற்குக் காரணம், தமிழில் நில் வேறு, நிறுத்து வேறு. வினையின் உருவமே சொல்லிவிடும். ஆங்கிலத்தில் இரண்டுக்கும் ஒரே உடம்பு, பின்னால் வருவதைப் பார்த்துத்தான் ஆளைத் தெரிந்துகொள்ள வேண்டும். தமிழ் 'நில்'லுக்கும் தனக்கென்று ஒரு சிக்கல் உண்டு. 'பஸ் நிக்குது' என்றால் இப்போதுதான் நின்றதா, காலையிலிருந்து நின்றுகொண்டிருக்கிறதா? மழை நிற்கும், கடிகாரம் நிற்கும், கல்யாணம் நின்றுபோகும். கல்யாணத்தை எழுந்து நிற்க வைத்துவிட்டு அதற்காக வருத்தப்படுவதும் நாம்தான்.

ஒலியியலில் ஸ்டாப் என்பது ஒரு கலைச்சொல். வாய்க்குள் எங்கேயாவது காற்றை முழுதாக அடைத்துப் பிறக்கும் மெய் அது. தமிழ் மொழியியலில் அதற்கு வைத்திருக்கும் பெயர் அடைப்பொலி. க், ட், த், ப் எல்லாம் அந்த இனம். 'இதழ் இயைந்து பிறக்கும் பகார மகாரம்' என்று தொல்காப்பியம் சொல்வது உதடு உதட்டை அடைக்கும் அந்தக் கணத்தைத்தான். ஸ்டாப் என்ற சொல்லே ஓர் அடைப்பொலியில்தான் முடிகிறது. ஆங்கிலேயர்கள் பலர் கடைசி 'ப்'பை உதட்டை மூடியதோடு விட்டுவிடுவார்கள். திறந்து காற்றை வெளியே விடுவதில்லை.

தமிழில் அது நடக்காது. சொல்லின் கடைசியில் நிற்கக்கூடிய மெய்கள் ஞ், ண், ந், ம், ன், ய், ர், ல், வ், ழ், ள் என்ற பதினொன்று மட்டும். வல்லினத்துக்கு அங்கே இடமில்லை. அதனால் நாம் பக்கத்தில் ஒரு குட்டி உகரத்தை வைத்து 'ஸ்டாப்பு' என்கிறோம். மூடிய உதட்டைத் திறந்துவிட்ட பிறகுதான் நமக்குச் சொல் முடிகிறது. முன்னால் 'ஸ்' வருவதும் ஒத்துவராது என்று 'இஸ்டாப்பு' என்பவர்களும் உண்டு. பழைய பிரெஞ்சுக்காரன் எஸ்டாப்பெல்லுக்குச் செய்த அதே காரியம். ஸ்டாப்பிங்குக்கும் இதே கதிதான், 'ங்'கும் அந்தப் பதினொன்றில் இல்லை. ஆகவே நம் பஸ்ஸில் இறங்குகிறவர் குரல் கொடுக்கும்போது அது 'ஸ்டாப்பிங்கு'.